வழக்கு அவர் பேரில், ‘ரெட்’ என் பேரில்

வாசகர் கடிதம், சுருக்கமாக

வியாசர்பாடியிலிருந்து 24 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரைக் கார்த்திக் என்றும், அப்பாவைச் செல்வம் என்றும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். அப்பா துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர். மகன் வண்ணாரப்பேட்டையில் பி.காம். படித்துவிட்டு, மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மூன்று வருஷம் கேட் என்ட்ரியும் பில் வேலையும் பார்த்தார். அப்புறம் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர். பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் முடித்து ரிலீவிங் லெட்டரும் வாங்கியாயிற்று. சேர மூன்று நாள் இருக்கும்போது ஒரு மெயில்: பின்புலச் சரிபார்ப்பில் குற்ற வழக்கு இருப்பதாகத் தெரியவந்துள்ளதால் ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம்.

போன் செய்து கெஞ்சியதில் எச்.ஆர். பெண் ஒருவர் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். 2019 மார்ச் மாதச் சம்பவம். ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வழக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) பிரிவுகள். ரிப்போர்ட் ‘ரெட்’, அதாவது பாதகம். பிரதி கேட்டதற்கு, ‘கான்ஃபிடென்ஷியல், தர முடியாது.’ அது யார் வழக்கு என்று இவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நாலு பிளாக் தள்ளி இன்னொரு கார்த்திக் இருந்தார். அவர் அப்பா பெயரும் செல்வம். இப்போது எண்ணூர் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறாராம்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கெஜட்டில் பெயரை மாற்று. வில்லிவாக்கம் அத்தை வீட்டு முகவரியைக் கொடு. அந்தக் கார்த்திக்கிடம் எழுதி வாங்கு. கோர்ட்டில் பெயரை எடுத்துத் தர 15,000 ரூபாய் கேட்கும் ஒருவரைப் பார். கம்பெனி மேல் 10 லட்சத்துக்குக் கேஸ் போடு. எது சரி என்று கேட்கிறார்.

பதில்

தம்பி,

உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டு தடவை படித்த இடம் வேறு. அந்த எச்.ஆர். பெண் சொன்னதாக நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பேரு, அப்பா பேரு, ஏரியா மட்டும் இல்லைங்க, வயசுகூட 24னுதான் போட்டிருக்கு. அதான் மேட்ச்னு எடுத்துட்டாங்க.’ இந்த வரியைப் பார்த்துத்தான் நீங்கள் நொந்துபோயிருக்கிறீர்கள். எனக்கோ, உங்களைக் காப்பாற்றப்போவதே இந்த வரிதான் என்று தோன்றுகிறது.

நம் ஊர் எஃப்.ஐ.ஆரில் குற்றம் சாட்டப்பட்டவரின் வயதை எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ‘கார்த்திக், வயது 24/2019, த/பெ செல்வம்’ என்று இருக்கும். 24, ஒரு சாய்கோடு, அப்புறம் வருஷம். 2019இல் 24 வயது என்று அர்த்தம். அப்படியென்றால் அந்த மனிதர் இன்று முப்பதைத் தாண்டியவர். சரிபார்த்தவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த 24ஐ எடுத்துக்கொண்டு, இன்றைக்கு 24 வயதில் இருக்கும் உங்களோடு ஒட்ட வைத்திருக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்கும்.

நீங்கள் 2001 நவம்பரில் பிறந்தவர். 2019 மார்ச்சில் உங்களுக்கு 17 வயது. அந்த வருஷம் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 1ஆம் தேதி தொடங்கி 19ஆம் தேதி முடிந்தது. உங்கள் மார்க் ஷீட்டில் ‘மார்ச் 2019’ என்றுதான் அச்சாகியிருக்கும். இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. 17 வயதுப் பையன் மேல் வழக்கு வந்திருந்தால் அது சிறார் நீதிக் குழுமத்துக்குப் போயிருக்கும். ஜார்ஜ் டவுன் குற்றவியல் நடுவர் முன்னால் பெரியவர்களோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆக, வழக்கு அந்த நீதிமன்றத்தில் இருப்பதே அது உங்களுடையது இல்லை என்று சொல்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழே போதும். அந்த இன்னொரு கார்த்திக்கைத் தேடி எண்ணூர் போக வேண்டியதில்லை.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்தில் மூன்று இடத்தில் ‘அந்த ரவுடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் 294(பி) என்பது பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசியது, 323 கையால் அடித்தது, 506(2) மிரட்டியது. தெருவில் நடக்கும் தள்ளுமுள்ளு அத்தனைக்கும் அப்போது வழக்கமாகப் போட்ட கூட்டணி இது. நான் பார்த்த அடிதடி வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றும் சேர்ந்தே வந்திருக்கின்றன. அவர் விடுதலை ஆகியிருக்கலாம், சமாதானமாகப் போயிருக்கலாம், வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. கம்பெனிக்கு எழுதும்போது ‘அவர் ஒரு ரவுடி’ என்று எழுதிவிடாதீர்கள். ‘அது நான் இல்லை’ என்பது மட்டும் போதும்.

பதிவு பொய் இல்லை, பொருத்தியதுதான் தப்பு

உங்கள் கடிதம் முழுக்க ஒரு நினைப்பு ஓடுகிறது: போலீஸ் என் பேரில் வழக்குப் போட்டுவிட்டது, கோர்ட்டில் என் பெயர் இருக்கிறது, அதை எடுக்க வேண்டும். இதை முதலில் விட்டுவிடுங்கள். போலீஸ் உங்கள் மேல் எதுவும் போடவில்லை. கோர்ட்டில் இருப்பது இன்னொருவரைப் பற்றிய சரியான பதிவு. அதைக் கொண்டுவந்து உங்கள் தலையில் வைத்தது சரிபார்ப்பு நிறுவனம். தப்பு அங்கே நடந்திருக்கிறது, திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும்.

15,000 ரூபாய் கேட்கும் மனிதரின் கதையும் இதோடு முடிந்தது. நீங்கள் இல்லாத வழக்கிலிருந்து உங்கள் பெயரை எப்படி எடுப்பார்? விடுதலையானவர்களே தங்கள் பெயரை இணையத்தில் இருக்கும் தீர்ப்புகளிலிருந்து நீக்கக் கேட்டுப் பெரிய போராட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒருவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அது அவர்களுடைய சண்டை. நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை.

இந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மெயில் எழுதுவது சுலபம். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கில் இருப்பவர் பெயரையும் வருஷத்தையும் போட்டு யார் வேண்டுமானாலும் தேடலாம். சரிபார்ப்பு நிறுவனங்கள் அந்தத் தரவுகளை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு மென்பொருளை விட்டுத் தேடுகின்றன. பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் கடைசியில் ‘கே’ மட்டும் போடுவார், இன்னொருவர் ‘சி.கே.’ போடுவார். எதுவும் தப்பிவிடக் கூடாது என்று மென்பொருள் வலையை அகலமாக வீசும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. ஓர் இனிஷியல், அதுவும் அப்பா பெயரின் முதல் எழுத்து. படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று கட்டம் கேட்டால் அப்பா பெயரை அங்கே போடுகிறோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடசென்னையில் பிறந்த கார்த்திக்குகளையும் அவர்கள் அப்பா செல்வங்களையும் எண்ண முடியுமா? அதற்கு மேல் ஹவுசிங் போர்டு முகவரி. பிளாக் எண்ணையும் கதவு எண்ணையும் விட்டுவிட்டால், தெருவே ஒரே முகவரிதான்.

வலையில் விழுந்ததை ஒரு மனிதர் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் இந்த வேலையை நானும் கொஞ்ச நாள் செய்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு தேடலுக்கு இவ்வளவு என்று காசு. காலையில் பட்டியல் வரும், சாயங்காலத்துக்குள் ‘வழக்கு இல்லை’ அல்லது ‘பொருந்துகிறது’ என்று எழுதி, வக்கீல் சீலை வைத்துக் கொடுக்க வேண்டும். பிறந்த தேதியை ஒப்பிட்டுப் பார்க்க நீதிமன்றத்தில் வழக்குக் கட்டை எடுக்கச் சொன்னால் யாருக்கு நேரம்? சந்தேகம் வந்தால் ‘பொருந்துகிறது’ என்று போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்பு யாருக்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனம், முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒத்துப்போனதை மட்டும் வைத்துக்கொண்டு, சாதாரண ஜனங்களை அரசின் பயங்கரவாதிகள், போதைக் கடத்தல்காரர்கள் பட்டியலோடு பொருத்திக் காட்டியது. கார் வாங்கப் போன ஒருவருக்கு விற்கவே மறுத்துவிட்டார்கள். அந்த வழக்கில் இருந்தவர்கள் 8,185 பேர். 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தப்பான தகவல் வெளியே யாருக்காவது போய்ச் சேர்ந்த 1,853 பேருக்குத்தான் இழப்பீடு கேட்கும் தகுதி உண்டு என்றது. உங்கள் விஷயத்தில் தகவல் வெளியே போய், வேலையையும் பறித்துவிட்டது.

முதலில் பேப்பர்

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். அமெரிக்காவில், ரிப்போர்ட்டை வைத்து ஒருவரை நிராகரிக்கப் போகும் கம்பெனி, நிராகரிக்கும் முன்பே அவருக்கு அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும். 1970ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழி வந்த கடமை அது. நம் நாட்டில் தனியார் கம்பெனிக்கு அப்படி நேரடியான கட்டாயம் இல்லை. ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று அவர்கள் கை விரிக்க முடிவது அதனால்தான்.

ஆனால் கை முழுக்கக் காலி இல்லை. 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. தரவைக் கேட்டுப் பெறவும், திருத்தச் சொல்லவும், குறை சொல்லவும் வழி வைத்திருக்கிறது. 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. சிக்கல் என்னவென்றால், இந்த முக்கியப் பகுதிகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2027 மே ஆகிவிடும். ஆகவே இன்றைக்கு இதை வைத்து மிரட்ட முடியாது. ஆனால் மெயிலில் குறிப்பிடலாம். பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவு அந்தத் தேதியை நோக்கி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்தப் பெயரைப் பார்த்தால் மெயில் எச்.ஆரைத் தாண்டி மேலே போகும்.

சரி, மெயில். சரிபார்ப்புக்குச் சம்மதம் கேட்டு ஒரு லிங்க்கோ படிவமோ உங்களுக்கு வந்திருக்கும், கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அதைத் தேடி எடுங்கள். சரிபார்த்த நிறுவனத்தின் பெயர் அதில்தான் இருக்கும். அவர்கள் இணையதளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒரு முகவரி போட்டிருப்பார்கள். கம்பெனி எச்.ஆருக்கும் அந்த முகவரிக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அழுகை வேண்டாம், அப்பாவின் கஷ்டம் வேண்டாம், ‘வியாசர்பாடி என்பதால்தானே’ என்ற கேள்வியும் வேண்டாம். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். நம் பின்கோடைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நிரூபிக்க முடியாது. வயதை நிரூபிக்க முடியும்.

மெயிலின் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘ரிப்போர்ட்டில் குறிப்பிட்ட வழக்கு என்னுடையது இல்லை. என் பிறந்த தேதி இது. சம்பவம் நடந்தபோது எனக்கு 17 வயது, எஃப்.ஐ.ஆரில் இருப்பவருக்கு அப்போதே 24 என்று தெரிகிறது. என் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களை இணைத்திருக்கிறேன். வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், என்னோடு எந்தெந்த விவரங்கள் பொருந்துவதாக எடுத்துக்கொண்டீர்கள் என்பது, இவற்றை எழுத்தில் தாருங்கள். மறுபரிசீலனை செய்து திருத்திய ரிப்போர்ட் தாருங்கள். அதுவரை என் ஆஃபரை நிறுத்தி வையுங்கள்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்துக்கு இன்னொருவரை எடுத்துவிட்டால், தப்பை ஒப்புக்கொண்டாலும் உங்களை எங்கே உட்கார வைப்பார்கள்? இதை இன்றைக்கே அனுப்பச் சொல்வது அதனால்தான். மற்ற பேப்பர்கள் பின்னால் வரட்டும்.

மற்ற பேப்பர்கள் என்றால் இரண்டு. ஒன்று, எஃப்.ஐ.ஆர். எண்ணும் காவல் நிலையமும் தெரிந்தால் போதும், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்க்க முடியும். பாலியல் குற்றம் மாதிரி சில வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் அந்த ‘24/2019’ இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சில சமயம் பெயருக்குப் பின்னால் ‘என்கிற’ என்று ஒரு பட்டப்பெயரும் இருக்கும். இருந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம். வழக்கில் சம்பந்தமில்லாதவர் கேட்கும்போது காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். உங்களிடம்தான் நல்ல காரணம் இருக்கிறதே.

இரண்டு, போலீஸ் சரிபார்ப்புச் சான்று. ‘பாஸ்போர்ட் ஆபீசில் பி.சி.சி. எடுக்கட்டுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் போலீஸ் கிளியரன்ஸ் சான்று வெளிநாடு போகிறவர்களுக்கு. உள்ளூர் வேலைக்கு, தமிழ்நாடு காவல்துறையே ஆன்லைனில் சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. உங்களைப் பற்றி நீங்களே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: அவர்களும் பெயரை வைத்துத்தான் முதலில் தேடுவார்கள். அதே வழக்கு அங்கேயும் தலைகாட்டலாம். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் சான்றிதழ்களோடு போங்கள், எழுதுகிறவரிடம் அந்தச் சாய்கோட்டைக் காட்டுங்கள். கோபப்பட வேண்டாம். அவர் தினமும் பத்து கார்த்திக்கைப் பார்க்கிறவர், விஷயம் சட்டென்று புரிந்துவிடும்.

வீட்டில் சொல்லும் யோசனைகள்

கெஜட்டில் பெயர் மாற்றம் வேண்டாம். மாற்றினால் அன்றிலிருந்துதான் புதுப் பெயர். மார்க் ஷீட்டும் டிகிரியும் பழைய பெயரில்தான் இருக்கும். எந்தச் சரிபார்ப்புப் படிவத்திலும் ‘முன்பு வேறு பெயர் உண்டா’ என்று கேட்பார்கள். அப்போது பழைய பெயரையும் தேடுவார்கள், வழக்கு வரும். கூடவே, ‘ஏன் மாற்றினார்’ என்று ஒரு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதில், ஆதார், பான், வங்கிக் கணக்கு, ரெஸ்யூமே எல்லாவற்றிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில், இனிஷியலை ஒரே மாதிரி விரித்து வைத்திருங்கள்.

அத்தை வீட்டு முகவரி? கூடவே கூடாது. முகவரியைச் சரிபார்க்க ஆள் வருவார், அல்லது போனில் லொகேஷன் அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை என்று தெரிந்தால் அது உண்மையான ‘ரெட்’. அதற்கு என்னாலும் பதில் எழுத முடியாது. இப்போது தப்பு முழுக்க அவர்கள் பக்கம் இருக்கிறது. ஒரு பொய் முகவரியைக் கொடுத்து அதில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கார்த்திக்கிடம் எழுதி வாங்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. ‘வழக்கில் இருப்பது நான்தான்’ என்று அவர் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் எங்கெங்கே போகும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அவர் வக்கீல் சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு, இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒரே தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்றவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

10 லட்சத்துக்கு வழக்கு

போடலாமா என்றால், போட வழி இருக்கிறது. தப்பான தகவலைக் கொடுத்துப் பெயரைக் கெடுத்ததற்கு அவதூறு, கவனமில்லாமல் வேலை பார்த்து நஷ்டம் ஏற்படுத்தியதற்கு இழப்பீடு. முக்கியமாகச் சரிபார்ப்பு நிறுவனத்தின் மேல். இப்போதே போடு என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு மூன்று. 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய் முதலில் கட்ட வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் அது சின்னத் தொகை இல்லை. ‘கேட்டவருக்கு நல்லெண்ணத்தோடு சொன்னோம்’ என்பது அவர்கள் வாதமாக இருக்கும். அதை உடைக்க, நீங்கள் ஆதாரத்தோடு எழுதிக் கேட்டும் அவர்கள் திருத்த மறுத்தார்கள் என்று காட்டுவது பெரிய பலம். அதற்கும் அந்த மெயில்தான் வேண்டும். ஒன்றை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்: எழுத்து மூலமான அவதூறுக்கு இழப்பீடு கேட்க ஒரு வருஷம்தான் கெடு.

‘கோர்ட் சொன்னால் வேலையைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும் இல்லையா’ என்று கேட்டிருக்கிறீர்கள். தனியார் வேலையில் அப்படி இல்லை, தம்பி. விருப்பமில்லாத கம்பெனியின் கழுத்தைப் பிடித்து ஒருவரை வேலைக்கு வைக்கச் சொல்ல நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை. பணமாக ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். உங்கள் ஆஃபர் லெட்டரிலேயே ‘பின்புலச் சரிபார்ப்பு திருப்தியாக இருந்தால்’ என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். யார்டில் உங்கள் சூப்பர்வைசரோடு நல்ல உறவு என்றால் அங்கே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். செலவுக்கு யோசித்தால், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது, உங்கள் குடும்ப நிலைமைக்கு அதற்குள் வந்துவிடுவீர்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த கம்பெனி

இந்த வேலை கைக்கு வராவிட்டாலும் ரிப்போர்ட்டைத் திருத்த வைப்பதை விட்டுவிடாதீர்கள். ‘எல்லா கம்பெனியிலும் என்னை பிளாக்லிஸ்ட் பண்ணிவிட்டார்களா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பொதுப் பட்டியலைச் சட்டம் எதுவும் உண்டாக்கவில்லை. ஆனால் ஒரே சரிபார்ப்பு நிறுவனம் பல கம்பெனிகளுக்கு வேலை செய்யும். பழைய முடிவு அவர்கள் கணினியில் கிடந்தால், அடுத்த தடவையும் அதையே தூசி தட்டிக் கொடுப்பார்கள்.

அடுத்த படிவத்தில் ‘உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள். அதுதான் உண்மை. ‘ஆம், ஆனால் தவறுதலாக’ என்று விளக்கம் எழுத ஆரம்பித்தால், இல்லாத வழக்கை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அரசு வேலைக்கும் இதே பதில்தான். சரிபார்ப்புப் படிவத்தில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் சொன்னது. மறைப்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. ஆஃபர் கைக்கு வந்தபின், சரிபார்ப்பு தொடங்கும் முன், எச்.ஆருக்கு நாலு வரி மெயில் போடுங்கள்: என் பெயரிலேயே என் ஏரியாவில் இன்னொருவர் உண்டு, அவர் வழக்கு தேடலில் வரலாம், என் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஆதாரங்கள் இணைப்பில். இன்டர்வியூவிலேயே இதைச் சொல்லத் தேவையில்லை.

மெயிலில் இணைக்க மார்க் ஷீட்டை ஸ்கேன் எடுக்கும்போது மாதமும் வருஷமும் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், ஸ்டேஷனாக இருந்தாலும் சரி, வக்கீல் ஆபீசாக இருந்தாலும் சரி.